பனி என்னும் ஒரு சொல்

தமிழில் பனி என்பது தாராளமான ஒரு சொல். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. மார்கழி விடியலில் தெருவை மூடும் வெண்மூட்டமும் பனி. இமயத்தின் உச்சியில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதும் பனி. உடல் நடுங்குவதைப் பனித்தல் என்கிறோம். கண் கலங்குவதையும் பனித்தல் என்றே சொல்கிறோம். வெயில் மிகுந்த நாட்டில் பிறந்த மொழிக்கு இத்தனை பொருளுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது அவற்றுள் இரண்டுக்குப் பனியின் பெயரையே இட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கும் காலம் முன்பனி, பிற்பகுதியில் இறங்கும் காலம் பின்பனி என்று விளக்கம் கூறுவர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையோ குளிர்காற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அதில் ஆயர்கள் நெருப்பில் கை காய்கிறார்கள்; அரண்மனையில் அரசி உறக்கமின்றிக் காத்திருக்கிறாள்; பாசறையில் அரசன் புண்பட்ட வீரர்களைக் காண நள்ளிரவில் நடக்கிறான். குளிர் ஓரிடத்தில், அதை எண்ணி வருந்தும் நெஞ்சம் வேறோரிடத்தில். இந்த நிலை அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவிலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்ட வீடுகள் சில உண்டு. அவ்வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும் இந்த நிலைதான் தொடங்குகிறது.

முதலில் எங்கள் ஊர்க் குளிரைச் சொல்லிவிடுகிறோம். ஒருபுறம் மெஜஸ்டிக் ரயில் நிலையம், மறுபுறம் ஸ்ரீராமபுரம், இடையே தண்டவாளங்களின் ஓசையில் கண்விழிக்கும் பகுதி ஒக்கலிபுரம். நம்மவர் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆலை வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் இங்கு வந்தவர்கள். வந்தவர்களை முதலில் வரவேற்றது கன்னட மொழியன்று, குளிர்தான். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூரின் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த உயரமே ஒரு சிறு இமயம். அக்காலத்தில் இங்கே பின்னி ஆலையில் கம்பளித் துணி நெய்தார்கள். அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் வாங்கி வைத்த கம்பளிகள் எங்கள் பகுதிப் பெட்டிகளில் இன்னும் அந்துருண்டை மணத்துடன் கிடக்கின்றன.

மார்கழி, தை இரவுகளில் இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 15, 16 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். இவ்வூரில் பதிவான மிகக் குறைந்த அளவு 7.8 டிகிரி, அது 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பதிவானது. வடநாட்டார் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் குரங்குக் குல்லாயும் மப்ளரும் அணிந்து பால் வாங்க வரும் காட்சியைக் கண்டால், குளிர் என்பது எண்ணில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வங்கக் கடலில் புயல் உருவானால் பெங்களூருக்குக் குளிர் ஏறும். 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியபோது இங்கே பகலிலும் விளக்கேற்றி, போர்வையுடன் உட்கார்ந்திருந்தோம். மேகம் கதிரவனை மறைத்துவிடுவதால் பகல் சூடேறுவதில்லை. தை மாதக் குளிர் வேறு வகை. அப்போது வானம் தெளிவாக இருப்பதால் நிலம் பகலில் பெற்ற சூடு இரவில் தடையின்றி மேலே போய்விடுகிறது. ஆக, மேகம் வந்தால் பகல் குளிர்கிறது. மேகம் விலகினால் இரவு குளிர்கிறது. இரண்டு குளிரையும் தாங்கிக்கொள்ள இவ்வூர் இரண்டு சுவைகளை வைத்திருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிசை ஒன்று. பனியில் நனைந்து மணமேறிய அவரைக்காய் மற்றொன்று. அந்த மணத்தைக் கன்னடத்தார் சொகடு என்பார்கள். தருமபுரிப் பக்கத்து நம் பெண்கள் அதே விதையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பார்கள். பெயர் வேறு, அடுப்பு வேறு. குளிரும் பசியும் ஒன்றே.

இந்தக் குளிர்காலத்துக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்த கதை இனியது. பெங்களூரில் 1981-இல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1983 ஆகஸ்டு 30-ஆம் நாள் இன்சாட் 1-பி துணைக்கோள் விண்ணுக்கு ஏறியது. அந்த ஒரே துணைக்கோள் தொலைபேசிப் பேச்சைச் சுமந்தது. தொலைக்காட்சிப் படத்தைச் சுமந்தது. மேகக் கூட்டங்களையும் படம் பிடித்தது. அதைக் கட்டுப்படுத்தும் நிலையம் நம் கருநாடகத்து ஹாசனில்தான் இருந்தது. திரையும் வானிலையும் நம் நாட்டில் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் என்று சொன்னால் தவறாகாது. செய்தி முடிந்ததும் வெண்மேகம் சுழலும் அந்தக் கறுப்புவெள்ளைப் படத்தைக் காட்டும்போது எங்கள் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். ஊரில் நிலம் வைத்திருந்தவருக்கு அந்தப் படமே நாளிதழ்.

1987 ஜனவரி 25-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இராமாயணத் தொடர் தொடங்கியது. அப்போது எங்கள் தெருவில் இரண்டொரு வீடுகளில்தான் பெட்டி இருந்தது. தை மாதக் குளிரில் ஒருவர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் "வந்துடுச்சு... போயிடுச்சு... அப்படியே நில்லுங்க மாமா!" என்று கத்துவோம். பாவம் அந்த மாமா, பாதித் தொடரை மாடியிலேயே கேட்டு முடித்தார். தமிழ்க் குடும்பம், கன்னடக் குடும்பம், தெலுங்குக் குடும்பம் எல்லாம் ஒரு கூடத்தில் தோள்பட உட்கார்ந்ததால் அந்த வீட்டில் குளிர் தெரியவில்லை.

இன்று ஆன்டெனாவும் இல்லை, கத்துவதும் இல்லை. உள்ளங்கையில் உலகத்தின் வானிலை வந்து நிற்கிறது. வானிலைத் துறையின் வலைத்தளத்தில் ரேடார்ப் படங்கள் கிடைக்கின்றன. 2024 பிப்ரவரி 17-ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட் 3-டிஎஸ் வரையில் நம் துணைக்கோள்கள் எடுக்கும் மேகப் படங்கள் கிடைக்கின்றன. உலகம் முழுவதும் வீசும் காற்றை நூலிழைகளாக ஓடவிட்டுக் காட்டும் வரைபடங்களும் உள்ளன. தேவனஹள்ளி விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்து விமானங்கள் காத்துக்கிடக்கும் ஜனவரிக் காலைகளில், ஊருக்கு வரும் பிள்ளையின் விமானம் எந்த மேகத்துக்குமேல் வட்டமிடுகிறது என்பதையும் அடுப்படியிலிருந்தே காணலாம். அலுவலகத்தில் நாள் முழுதும் கோப்பு புரட்டிவிட்டு வந்த களைப்பில், காற்று ஓடும் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கு ஒரு நல்ல பொழுதுபோக்கு. இதைச் சொல்ல வெட்கமில்லை.

எங்கள் தங்கை, திருமணமாகி அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகர்ப்புறத்தில் வாழ்கிறாள். அவள் போன நாளிலிருந்து எங்கள் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள். குளிர்காலத்தில் அங்கே நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின். அம்மாவுக்கு "அங்கே எத்தனை?" என்று கேட்டால் போதும்; நேரமா, குளிரா என்று கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பாரன்ஹீட்டில் சொல்வதை நமது கணக்குக்கு மாற்றும் வேலை வீட்டுப் பிள்ளைகளுடையது. முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும். பதினான்கு என்று அவர்கள் சொன்னால், அது பூஜ்யத்துக்குக் கீழே பத்து. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு குளிர் இருக்கிறது என்பதை அம்மா ஏற்றுக்கொள்ளவே இரண்டு ஆண்டுகள் ஆயின. "ஒண்ணுமே இல்லைங்கிறதுக்குக் கீழே என்னடா இருக்கும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

2021 பிப்ரவரி 14-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் வெப்பம் மிகுந்த மாநிலம். அங்கே பனி விழுவது அரிது. விழுந்தாலும் மறுநாள் கரைந்துவிடும். அன்று தொடங்கிய பனிப்பொழிவு விடியும்முன் ஆஸ்டினில் ஏறத்தாழ அரையடி உயரம் சேர்ந்தது. பேத்தி அந்தப் பனியில் குதித்து விளையாடுவதைக் காணொளி அழைப்பில் கண்டோம். அவள் பனியை உருட்டிப் பிள்ளையார் பிடித்தாள். இலையைக் கிள்ளிக் காது வைத்தாள். அம்மா கைகொட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டாரையும் அழைத்துக் காட்டினோம். திரையில் விழும் பனியைப்போல் அழகானது வேறில்லை.

மறுநாள் எங்களுக்கு நண்பகல், அவர்களுக்கு நள்ளிரவு கடந்த ஒரு மணி. அந்த வேளையில் அம்மாநில மின்கட்டமைப்பைக் காக்கும் அமைப்பு மின்வெட்டுக்கு ஆணையிட்டது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையக் கருவிகளும் குளிரில் உறைந்துபோயின. மின்சாரத் தேவையோ உச்சத்தில் நின்றது. டெக்சாசின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் அண்டை மாநிலங்களோடு இணையாமல் தனித்து நிற்பது. ஆகவே தேவையான அளவுக்கு அயலாரிடம் கடன் வாங்கவும் வழியில்லை. நாற்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. பிப்ரவரி 16-ஆம் நாள் டல்லாஸ் நகரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி. அங்குள்ள வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை. குளிருக்குக் காப்பில்லாத குழாய்கள் வெடித்தன. முழுக் கட்டமைப்பும் சரிந்து வாரக்கணக்கில் இருள் நீடிக்கும் நிலைக்குச் சில நிமிட இடைவெளிவரை போய் மீண்டதாகப் பின்னர் தெரியவந்தது. அம்மாநில அரசு அறிவித்த கணக்கின்படி இறந்தவர்கள் 246 பேர்.

இத்தனை விவரங்களும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே: தங்கையின் கைப்பேசி அடங்கிக் கிடந்தது. தொலைக்காட்சியில் உறைந்த சாலைகளைக் காட்டினார்கள். கைப்பேசியில் எந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்கு மின்சாரம் இல்லை என்பதை நிறம் நிறமாகக் காட்டும் வரைபடம் இருந்தது. தங்கையின் மாவட்டம் அடர்ந்த சிவப்பு. துணைக்கோள் படத்தில் அந்த மாநிலமே வெள்ளை. எல்லாம் தெரிந்தது; அந்த ஒரு வீட்டின் கூடம் மட்டும் தெரியவில்லை. அம்மா தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லவுமில்லை, பார்க்கவுமில்லை. திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சுண்டலுக்கு அவரை உரித்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "கரண்ட் இல்லை. எல்லாரும் ஒரே ரூமில். போன் சார்ஜ் கம்மி. தோட்டத்து கரி அடுப்பை உள்ளே கொண்டுவரப் போறோம்." அதாவது, விடுமுறை நாளில் புழக்கடையில் வைத்துச் சோளமும் இறைச்சியும் சுடும் அடுப்பு.

பேரன் அதைப் படித்துச் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டார். "வேண்டாம்னு போடு. உடனே போடு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும், உள்ளே கொண்டுவர வேணாம்னு. புகை தெரியாது, கண்ணு, தூக்கம்தான் வரும்." அந்தச் சொற்களை அப்படியே தட்டெழுதி அனுப்பினோம்.

அம்மா பள்ளியில் அறிவியல் படித்தவரல்லர். அவர் சிறுமியாக இருந்தபோது, ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில், பிள்ளை பெற்ற ஒருத்தியின் அறையில் வழக்கப்படி கணப்புச் சட்டி வைத்திருந்தார்கள். அன்றிரவு கடுங்குளிர். குழந்தைக்குக் காற்றுப்படும் என்று சன்னலின் கடைசி இடுக்கையும் துணியால் அடைத்துவிட்டார்கள். காலையில் கதவை உடைத்துத் தாயையும் சேயையும் தூக்கி வந்து முற்றத்தில் கிடத்தினார்கள். தாய் பிழைத்தாள். அன்றிலிருந்து எங்கள் பாட்டி, கணப்பு இருக்கும் அறையில் ஒரு சாண் அளவாவது சன்னல் திறந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தாராம். அடைத்த அறையில் கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியின் சிவப்பணுக்களிலுள்ள பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்குமேல் வலிமையாக ஒட்டிக்கொள்கிறது என்று நூல்கள் கூறும். ஒரு சாண் சன்னலும் இக்காலத்து மருத்துவர்களுக்குப் போதாது; எரியும் கரி வீட்டுக்குள்ளே வரவே கூடாது என்பதுதான் அவர்கள் சொல். அந்த வாரம் ஹூஸ்டன் பகுதி மருத்துவமனைகளுக்கு இந்த நச்சுக்காற்றால் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். வீட்டுக்குள் கரி எரித்தவர்களும், அடைத்த கொட்டகையில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். உயிரிழந்தோரும் உண்டு.

எங்கள் செய்திக்கு நான்கு மணி நேரம் பதில் இல்லை. அலுவலகத்தில் கடிதம் அனுப்பியதோடு எங்கள் வேலை முடிவதில்லை. எதிரிலுள்ளவர் பெற்றுக்கொண்டார் என்ற ஒப்புகை வந்து கோப்பில் சேரும்வரை கோப்பை மூடமாட்டோம். அந்த நான்கு மணி நேரத்தில் ஒப்புகை என்ற சொல்லின் பொருளை, இருபது ஆண்டு எழுத்தர் பணியில் அறியாத அளவுக்கு அறிந்தோம். நள்ளிரவுக்குமேல் பதில் வந்தது. "அடுப்பு வெளியே. அம்மா சொன்னபடி." கொட்டகையின் கதவை முழுவதும் திறந்து காரை வெளியே நிறுத்தி, அதிலிருந்து கைப்பேசிக்கு மின்னேற்றியிருக்கிறார்கள். பின்னர் இரண்டு நாள் இருக்கும் கம்பளிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, நால்வரும் ஒரே படுக்கையில் ஒட்டிப் படுத்துக் கழித்தார்கள். கழிப்பறைக்குப் பனியை உருக்கி நீராக்கினார்கள். பேத்தி செய்த பனிப் பிள்ளையார் அதுவரை கரையாமல் வாசலில் நின்றாராம்.

அதற்குப் பிறகும் நாங்கள் வானிலைப் படம் பார்ப்பதை விடவில்லை, தொலைக்காட்சியையும் வெறுக்கவில்லை. அவை இல்லாவிட்டால், டெக்சாசில் பனி என்ற செய்தியே கடிதமாக எங்களுக்குப் பத்து நாள் கழித்து வந்திருக்கும். கரியடுப்பு அதற்குள் உள்ளே போயிருக்கும். கருவிகளின் உதவி பெரிது. ஆனால் ஓர் ஊரின் நிலையை அறிவது வேறு, ஒருவரின் நலத்தை அறிவது வேறு. முன்னதைத் துணைக்கோள் சொல்லும். பின்னதை அவரே சொல்ல வேண்டும். நாம் கேட்க வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எங்கே புயலோ பனியோ வந்தாலும், காலையும் மாலையும் ஒரே ஒரு சொல்லாவது அனுப்பிவிட வேண்டும். அங்கே தங்கையின் அண்டை வீட்டார் இருவரின் எண்ணும் எங்களிடம் உண்டு. இங்கே எங்கள் அண்டை வீட்டார் இருவரின் எண்ணும் அவளிடம் உண்டு. கடல் கடந்த பிள்ளைகளை உடைய குடும்பங்கள் இந்தச் சிறு ஏற்பாட்டைச் செய்துகொள்வது நலம். பனிக்காலம் வந்தபின் எண் தேடுவது, தாகம் எடுத்தபின் கிணறு தோண்டுவதைப் போன்றது.

அம்மா மட்டும் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். சென்ற தை மாதத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் காவலாளி ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து மனைவி, குழந்தையுடன் வந்தவர். தகரக் கொட்டகைதான் வீடு. ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு, தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். கொட்டகை இடுக்கில் கரி நெருப்பின் சிவப்பு தெரிந்ததாம். "ஏதோ ஊர்ல பனி விழுதுன்னு பதறினோமே, இங்கே பத்தடியில குளிருதே" என்று சொல்லிவிட்டுப் பழைய பின்னிக் கம்பளி இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். நாங்களும் பின்னே போனோம்.

அம்மாவின் கன்னடம் அறுபது ஆண்டுப் பழக்கமுடையது. ஆனால் இன்னமும் தருமபுரி மணம் மாறாதது. கொட்டகை வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் நெருப்புச் சட்டியை வெளியே வைக்கச் சொன்னார். நிறமில்லாத புகையைப் பற்றிக் கையசைத்து விளக்கினார். உறங்கும் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கம்பளியைப் போர்த்தினார். அந்தப் பெண் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு நால்வரும் அதைச் சுற்றி நின்று சற்றுநேரம் கை காய்ந்தோம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஊரில் மழை உண்டா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். பெங்களூர் 14 டிகிரி என்றிருந்தது. அதை மீண்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம்.